சீனிச்சாமியின் சுரங்கப்பாதை

பழைய கட்டடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கட்டட வரலாற்றுக்காரர் இருப்பார். கரையான்கூட இரண்டாவதாகத்தான் வரும். கல்லூரி, தாலுகா கச்சேரி, ரயில் நிலையம், எதுவானாலும் சரி, நீங்கள் ஒரு தூணைச் சற்று நிமிர்ந்து பார்த்தால் போதும், முதுகுக்குப் பின்னால் ஒரு தொண்டை கனைக்கும். திரும்பிவிட்டீர்களா? போச்சு. இனி அடுத்த பஸ் உங்களுக்கு இல்லை.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாருங்கள். பெயர் வேண்டாம், என் அண்ணன் மகள் அங்கேதான் படிக்கிறாள். கண்ணாடி வைத்த மாடிகளுக்குப் பின்னால், ஓட்டுக் கூரையும் வளைவு வராந்தாவுமாகப் பழைய பிளாக் நிற்கிறது. அதன் ஒரு கோடியில் நஸ்ருதீனின் டீ கேண்டீன். கேண்டீன் வாசலில் சீனிச்சாமி. கல்லூரியாக இருந்தபோது அங்கே படித்து, அங்கேயே ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை இன்னும் யாரும் அவரிடம் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தினமும் காலையில் செட்டியார்பட்டியிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு வந்துவிடுகிறார்.

முதலில் சுவரைத் தட்டுவார். "கேட்டியளா சத்தத்த?" என்பார். சுவரைத் தட்டினால் சுவர்ச் சத்தம்தான் வரும்; இருந்தாலும் நாம் தலையாட்டுவோம். அந்தத் தலையாட்டலில் ஆரம்பிக்கும்: நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து இறங்கி, மலையைப் பார்த்து மயங்கி, கடுக்காயும் கருப்பட்டியும் பத்தாயிரம் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய மாளிகையாக்கும் இது. பத்தாயிரம் முட்டை! நான் முதலில் கேட்டபோது மூவாயிரம்தான். தளவாய்புரம் வரைக்கும் உள்ள கோழிகள் அந்த வருடம் குஞ்சே பொரிக்கவில்லை போலும்.

மேற்குச் சுவர் நடுவில் நெளிந்து போகும். அது மலைக்காற்று மோதாமல் வழுக்கிப் போவதற்காகத் துரை வேண்டுமென்றே வைத்த நெளிவு. அப்புறம் சுரங்கம். சுரங்கம் இல்லாத பழைய கட்டடத்தைத் தமிழ்நாட்டில் நீங்கள் பார்த்ததுண்டா? சீனிச்சாமியின் சுரங்கம் தொடக்கத்தில் பின்னாலிருக்கும் புளியமரத்தோடு நின்றது. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலைத் தொட்டது. போன வருடம் மதுரைக்கே போய்விட்டது. காலேஜ் பஸ்ஸைப் போலக் கிருஷ்ணன்கோவிலில் அதற்கு ஒரு நிறுத்தமும் உண்டு.

இந்த ஆடி மழைக்காற்றில் நாலு ஓடு சரிந்தது. பழைய பிளாக்கை விட்டு வைப்பதா, இடிப்பதா என்று பார்த்து எழுத வெங்கடேஸ்வரி என்ற இன்ஜினீயர் வந்தார். அங்கேயே படித்த பெண். படிக்கச் சேர்ந்த முதல் நாளே சீனிச்சாமியின் சொற்பொழிவை நின்றபடி முழுதாகக் கேட்டவர். கட்டடத்தின் ஃபைல் எங்கும் கிடைக்கவில்லை. சீனிச்சாமியைக் கேளுங்கள் என்றார்கள் எல்லோரும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாண மாப்பிள்ளை கெட்டார். கட்டடத்துக்கு வயது நூற்றைம்பது என்றார். சுண்ணாம்பு, முட்டை, சுரங்கம், ஒன்று விடவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு பேனாவை மூடினார்.

"சார், அடியில சுரங்கம் இருந்தா மேல பிள்ளைகள உக்கார வைக்க முடியாது. இடிச்சிரலாம்னு எழுதுதேன்."

சீனிச்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, சுரங்கம் அவ்வளவு நீளம் இல்லை என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரோடு சரி. நீளம் பிரச்சினை இல்லை சார் என்றார் வெங்கடேஸ்வரி. அப்படியானால் புளியமரம் வரைக்கும்தான். அதுவும் சுரங்கம் என்று சொல்ல முடியாது, ஒரு பள்ளம். பள்ளம்கூட இல்லை, மழைக்குத் தண்ணீர் தேங்கும். வயதும் இறங்கியது: நூற்றிருபது, தொண்ணூறு, எழுபது. கேண்டீன் போய்விடுமே என்ற பயத்தில் நஸ்ருதீன் பால் பொங்குவதையும் கவனிக்காமல் நின்றார்.

"அண்ணாச்சி, எழுபதுல நிக்காதிய. இன்னுங் கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

அப்படியானால் யார்தான் கட்டியது என்று கேட்டார் வெங்கடேஸ்வரி. சீனிச்சாமி மேற்குச் சுவரில் கை வைத்தார். இந்த முறை தட்டவில்லை.

"எழுபத்தெட்டுல நாங்க பதினாறு பேரும்மா. பி.ஏ. ரெண்டாம் வருசம். லீவுல சிரமதான முகாம்னு வந்து கட்டுனோம். கொத்தனார் ஒருத்தருதான். இந்தச் செவரு நான் வச்சது. நூல் பிடிக்கத் தெரியல." நெளிவைத் தடவியபடி, "தொர வச்சாம்னா நெளிவுகூட அழகாத் தெரியுது. சீனிச்சாமி வச்சாம்னா கோணல்தான தெரியும்" என்றார்.

டீயோடு பக்கத்தில் நின்றிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தேழு வருடமாக ஒரு மனிதர் தன் கை வேலையைத் தூக்கி முகம் தெரியாத துரையிடம் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்று அதைப் பாராட்டியும் வந்திருக்கிறார்.

மறுவாரம் சுவரோரம் தோண்டிப் பார்த்தார்கள். கருங்கல் அடித்தளம், சிமெண்டுக் கலவை, ஒரு குறையும் இல்லை. ஓடு மாற்றினால் போதும் என்று எழுதிவிட்டார் வெங்கடேஸ்வரி. முட்டை ஒன்றுகூட அகப்படவில்லை.

இப்போது சீனிச்சாமி உண்மையை மட்டும்தான் சொல்கிறார். பதினாறு பேர் கட்டியது என்றுதான் ஆரம்பித்தார். போன மாதம் அது முப்பது பேராகிவிட்டது. தீபாவளிக்குள் கல்லூரியே சேர்ந்து கட்டியிருக்கும். நானும் அந்த முகாமில் செங்கல் சுமந்ததாக அண்ணன் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுபத்தெட்டில் நான் ராஜபாளையத்தில் மூன்றாம் வகுப்பு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தைக் காட்டப் போனீர்களே, அங்கே சுவரை ஒரு தட்டுத் தட்டினீர்களே, அது எதற்கு?