சர்வரை மாத்திடுங்க சார்!

யாருக்கும் நான் கெடுதல் செய்ததில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே ஓட்டலில் உழைத்த மனிதரின் பிழைப்பில், ஃபோனிலேயே, ஐந்து நிமிடத்தில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான். அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

2008. கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என் நெட்வொர்க்கிங் சான்றிதழை அப்பா ஃபிரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். (மாதாதான் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.) என் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ஒரு நாள் காலையில் சிதம்பரத்திலிருந்து ஓட்டல் முதலாளி ஒருவர் கூப்பிட்டார். அவர் கடையில் கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், ஸ்டோர் ரூமில் ஒரு கம்ப்யூட்டர். கல்லாவில் போடும் பில்லெல்லாம் உள்ளே இருப்பதில்தான் பதிவாகும். அந்த உள்ளே இருப்பதைத்தான் நாங்கள் சர்வர் என்போம்.

“பில்லே போட முடியலம்மா. ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங்’னு எழுதிக் காட்டுது.”

“சர்வர் பழசா சார்?”

“கடை ஆரம்பிச்சதுலேர்ந்து இருக்காரும்மா.”

(‘இருக்காரு’ என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற மிஷின், மரியாதையாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.)

“சூடாவுதா?”

“கூட்டம் ஜாஸ்தியானா சூடாயிடுவாரு. கிட்டப் போவ முடியாது.”

“நடுநடுவுல அப்படியே நின்னுடுதா?”

“ஆமாம்மா! ஆர்டர் சொன்னா காதுலயே வாங்காம நிப்பாரு. ஃபோன்லயே எப்படிம்மா கண்டுபுடிக்கிற?”

அந்தப் பாராட்டில் எனக்கு மற்றதெல்லாம் கேட்கவில்லை. “அனுபவம் சார்,” என்றேன். (இரண்டு மாதம்.) “இனிமே சரிப்படாது. மாத்திடுங்க. நான் வர்ற வரைக்கும் ஓரமா வைங்க.”

பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். ஓட்டல் வாசலில் யூனிஃபார்ம் சட்டையோடு ஒரு பெரியவர் ஸ்டூலில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“நீதான் கடலூர் பொண்ணா? என்னை மாத்தச் சொன்னியாமே. தெனம் குமராட்சிலேர்ந்து மொத மினிபஸ்ல வர்றேம்மா. ஒரு நா லேட்டானதில்ல. எம் பொண்ணு இப்பத்தான் நர்சிங் சேந்திருக்கா. நீ என்னைப் பாத்ததுகூட இல்லியே?”

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. உள்ளே ஓடி முதலாளியிடம் விளக்கினேன். அவர் அசையவில்லை.

“பேருதான் கொழப்பம். நீ சொன்னதுல எது தப்பு? கலியபெருமாளுக்குக் காது மந்தந்தான். பெண்ணாடத்துலேர்ந்து எம் மச்சானை வரச் சொல்லிட்டேன். பஸ் ஏறிட்டாரு.”

மச்சான் வந்து சட்டையை மாட்டிக்கொண்டால் கலியபெருமாளின் கதை முடிந்தது. அதற்குள் கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டு, முதலாளியின் மனம் குளிர்ந்திருக்கும்போது காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சர்வரை ‘பிங்’ செய்தேன், அதாவது கல்லா கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. ஐ.பி. முகவரியைச் சோதித்தேன். ஃபயர்வாலை அணைத்தேன். கேபிளின் நுனியை வெட்டிப் புதிதாக மாட்டினேன். இரண்டு கம்ப்யூட்டரையும் ஆறு முறை அணைத்துப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்துவிட்டது. முதலாளி துண்டுச் சீட்டில் பில் எழுதியபடி என்னை முறைத்தார். எனக்கு அழுகை முட்டியது.

அப்போது வாசலில் இருந்து எட்டிப் பார்த்த கலியபெருமாள் கேட்டார்:

“ஏம்மா, சாமி படத்துக்குக் கீழ ஒரு டப்பா இருக்குல்ல? எப்பவும் பச்ச லைட்டு கண்ணடிச்சிக்கிட்டே இருக்கும். இன்னிக்கிக் காணுமே?”

அந்த டப்பாதான் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஸ்விட்ச். ஓடிப்போய்ப் பார்த்தேன். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் யாரோ சார்ஜரைக் குத்தியிருந்தார்கள். சார்ஜரின் மறுமுனையில் முதலாளியின் புது செல்ஃபோன். காலையில் அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, கடை ஃபோனிலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

பிளக்கை மாற்றிக் குத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது, பில் கிர்ரென்று வெளியே வந்தது.

“எப்படிங்கய்யா கவனிச்சீங்க?”

“காது மந்தம்மா. கண்ணை வச்சித்தான் பொழப்பு ஓடுது. எலையப் பாத்தாலே யாருக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிடும்.”

முதலாளி செல்ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் கூரையைப் பார்த்தார்.

“கலியபெருமாளு, நாலாம் நம்பர் டேபிளுக்குத் தண்ணி வைய்யி.”

அவர் டம்ளர்களோடு பறந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (வெங்காயம் என்று சமாளித்தேன்.) அரைமணி நேரத்தில் மச்சான் வந்தார். முழுச் சாப்பாட்டை ஒரு கட்டு கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் பெண்ணாடம் திரும்பினார். பரிமாறியது கலியபெருமாள்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அவர் நர்ஸ் மகளோடு கடலூர் வந்தார். பந்தியில் உட்காராமல், சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஓடி ஊற்றினார். என் கணவரின் இலை முன்னால் நின்று மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்: “மாப்ள, இந்தப் பொண்ணு கூப்ட்டா ஒடனே பதில் சொல்லிடுங்க. இல்லன்னா ஆளையே மாத்தச் சொல்லிடும்!”

இன்றைக்கும் கணவர் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்றாலும், நான் ஒரு குரல் கொடுத்தால் போதும், உள்ளேயிருந்து அலறல் வரும்: “கேக்குதும்மா, கேக்குது! மாத்திடாத!”