பெட்ரோல் இல்லாமல் பெண் பார்க்கப் போனது

நான் ஓட்டிய கார்களிலேயே மிக நன்றாக ஓடியது, பெட்ரோல் இல்லாமல் ஓடியதுதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் அன்று ஒரே நாளில் பட்டு முடித்துவிட்டேன்.

யுத்த காலம். பெரியகுளத்தில் எங்களுக்குப் பருத்திக் கடை. யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அப்பா ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். அதன் ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து, கார் இல்லாமல் மனிதன் எப்படித்தான் வாழ்வான் என்று எனக்கு ஒரே கவலை. (ஊரே என் கண்ணெதிரில் நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.) பிறகு பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கூப்பன் வந்ததே தவிர பெட்ரோல் வரவில்லை. கார் கொட்டகையில் நின்றது. பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவதானப்பட்டிக்கு அந்தப் பக்கம், மஞ்சளாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. பெயர் காமாட்சி. வீரபாண்டித் திருவிழாவில் அவளை நான் முன்பே பார்த்திருந்தேன். ராட்டினத்தில் எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலற, அவள் மட்டும் கண்ணைத் திறந்து ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். ஆனால் தரகர் அவள் அப்பாவிடம், "மாப்பிள்ளை சொந்தக் கார்லதான் வருவாக" என்று அளந்துவிட்டு வந்திருந்தார்.

"கார் போகலைன்னா பொண்ணு கிடைக்காது மாமா" என்று தாய்மாமனிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"கார் போகணும், அம்புட்டுத்தானே? என்ஜின் ஓடணும்னு யாரும் கேக்கலையே" என்றார் மாமா.

விடிவதற்குள் எங்கள் வண்டி மாடுகள் இரண்டையும் காருக்கு முன்னால் பூட்டினோம். மாமா மாட்டை ஓட்ட, அப்பா கோழி எச்சம் படாத இடமாகப் பார்த்துப் பின்சீட்டில் உட்கார, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பெண்ணின் ஊர் பள்ளத்தில் இருந்தது. ஊருக்கு முன்னால் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் மாடுகளை அவிழ்த்து மாமா புளியமரத்தடியில் பிடித்துக்கொள்வார். கார் தானாக உருண்டு பெண் வீட்டு வாசலுக்குப் போகும். இதுதான் திட்டம். (திரும்பி எப்படி மேடு ஏறுவது என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.)

கார் உருண்டது. எத்தனையோ தடவை காரில் போயிருக்கிறேன், ஆனால் பாதையின் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. தென்னை ஓலைகள் உரசின. எங்கோ நாற்று நடும் பெண்கள் பாடியது ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. நிமிர்ந்தால், வடக்கே கொடைக்கானல் மலை வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அப்பா, இந்த மலை இம்புட்டுப் பெரிசா?"

"நேத்தும் அங்கனதான்டா இருந்துச்சு. நீ ரோட்டைப் பாரு!"

வாசலில் கார் கச்சிதமாக நின்றது. கூடியிருந்த ஊர் வாயைப் பிளந்தது. "சத்தமும் இல்ல, புகையும் இல்ல! எம்புட்டு உசத்தி வண்டியா இருக்கணும்!" என்றார் காமாட்சியின் அப்பா. என் அப்பா அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்போது பின்னால் மணிச் சத்தம் கேட்டது. இத்தனை மைல் இழுத்து வந்த காரை விட்டுப் பிரிய மனமில்லாமல், எங்கள் மாடுகள் இரண்டும் மாமாவை உதறிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தன. கன்றிலிருந்து என் கையில் பருத்திக்கொட்டை தின்று வளர்ந்த மயிலைக்காளை, ஜன்னலுக்குள் தலையை நுழைத்து என் கன்னத்தை நக்கியது. பூசியிருந்த பவுடர் மொத்தமும் போயிற்று.

"யார் வீட்டு மாடோ தெரியலையே" என்றார் அப்பா.

"ஏலே மாப்ளே, நம்ம மாட்டைப் பிடிடா!" என்று கத்திக்கொண்டே மாமா வந்து சேர்ந்தார்.

காமாட்சியின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்களைக் கேனப்பயலுகன்னு நினைச்சீகளா?"

எல்லாம் முடிந்தது என்று நான் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்போதுதான் காமாட்சி, பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, தண்ணீர் வாளியோடு வெளியே வந்தாள். எங்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. நேரே மாடுகளுக்கு முன்னால் வாளியை வைத்தாள்.

"வாயில நுரை தள்ளுதுய்யா. பஞ்சாயத்தைப் பெறகு வச்சுக்கிருங்க" என்றாள் தன் அப்பாவிடம். பிறகு என்னைப் பார்த்து, "கார் இல்லேன்னா நடந்து வந்திருக்க மாட்டீகளா?" என்று கேட்டாள்.

அதில் கேலியே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அப்படியொரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

"வந்திருப்பேன்" என்றேன் ஒருவழியாக.

"அப்ப நடந்து வாங்க. பாக்கலாம்."

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக நடந்தேன். புதுச் செருப்பு மூன்றாம் மைலில் கடித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பாதி வழியில், தலையில் விறகுக் கட்டோடு என்னைத் தாண்டிப் போன ஒரு கிழவி, "என்னப்பா, இப்பத்தான் நடை பழகுறியா?" என்று கேட்டாள். வாசலில் நொண்டிக்கொண்டே நின்றவனைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் கோளாறா?" என்றார் காமாட்சியின் அப்பா. உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. தை மாதம் கல்யாணம்.

இன்று வீட்டில் இரண்டு கார்கள் நிற்கின்றன. இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்கப் போனாலும், ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே காமாட்சி காரை நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையை இறக்கிவிட்டுவிடுவாள். போன மாதம் பேரனை இறக்கிவிட்டாள். அவன் பரிதாபமாக என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்துக்கொண்டேன்.