இடப்பக்கச் சக்கரம்

“நட்டு கழலலைன்னா மெக்கானிக்கைக் கூப்பிடலாமே? தெருமுனையிலதானே கடை வெச்சிருக்கார்,” என்றாள் மனைவி.

“அப்பா இருந்தவரைக்கும் இந்த வண்டியில வேத்தாள் கை பட்டதில்ல. நான் இருக்கிறவரைக்கும் படாது,” என்றார் கணக்கர், காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் குந்தியபடியே.

வீறாப்பாகப் பேசுவது எளிது. சக்கரத்தைக் கழற்றுவது அப்படியன்று. அப்பா போனதிலிருந்து கொட்டகையில் நின்றுகொண்டிருந்த பழைய கார் அது. எஞ்சின் எப்படியோ உயிர்பெற்றுவிட்டது. பின் டயர்கள் இரண்டும் வெடித்திருந்தன. வலப்பக்கச் சக்கரம் சமர்த்தாக வெறும் ஸ்பானருக்கே கழன்று வந்தது. இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகளோ உடும்புப்பிடியாக உட்கார்ந்திருந்தன. ஸ்பானர் வளைந்தது, கணக்கரின் இடுப்பு பிடித்துக்கொண்டது, நட்டு மட்டும் அசையவில்லை.

அவசரம் இல்லாத காரியமென்றால் அவரும் விட்டிருப்பார். பெரியம்மா, அதாவது அம்மாவின் ஒரே அக்கா, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு தங்கிவிடுவதற்காக அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை புறப்படவிருந்தார். இனித் திரும்பி வரும் வயதுமில்லை, எண்ணமுமில்லை. அதற்குள் அக்காவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள்.

“பஸ்ல போனாலும் போதும்டா. அவ முகத்தைப் பாத்தா சரி.”

“பஸ்ஸாவது ஒண்ணாவது! அப்பா வண்டியிலேயே கொண்டுபோய் அவங்க வாசல்ல இறக்குறேன், பாரு.”

வாக்குக் கொடுத்தாயிற்று. மறுநாளே கணக்கர் காற்றடிக்கும் கம்ப்ரஸர் வாங்கக் கிளம்பினார்.

கடைக்காரர், “எதுக்கு சார்? டயருக்குக் காத்தடிக்கவா, டூல் ஓட்டவா?” என்று கேட்டார்.

“நட்டுக் கழட்டுற ஏர் கன் ஓட்டணும். வீட்டுலதான்.”

“அப்ப இந்தப் பெருசை எடுத்துக்குங்க.”

கணக்கர் பெரியதையும் சிறியதையும் சுற்றிவந்து, ஒட்டியிருந்த சீட்டுகளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். “அழுத்தம் ரெண்டுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு. அப்புறம் எதுக்குப் பெருசு?”

“அழுத்தம் மட்டும் போதுமா சார்? நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து தருதுங்கிறதுதான் பேச்சு. சொம்புத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஒண்ணா?”

“எனக்கே கணக்குச் சொல்லித் தர்றீங்களா?” என்று சொல்லிச் சிறியதை எடுத்துவந்தார்.

கொட்டகையில் ஏர் கன்னைக் கழற்றும் பக்கமாக மாற்றி வைத்து, நட்டின் மேல் பொருத்தி அழுத்தினார். ‘டர்ர்ர்’ என்று சிங்கமாகக் கிளம்பிய சத்தம், இரண்டு மூச்சுக்குள் ‘புஸ்’ என்று பூனையாகி ஓய்ந்தது. தொட்டியில் காற்று மறுபடி நிறையும்வரை கணக்கர் செய்தித்தாள் படித்தார். மறுபடி ‘டர்ர்ர்’, மறுபடி ‘புஸ்’. முழுச் செய்தித்தாளும் முடிந்தது.

அம்மா கொட்டகைக்கு வந்து, சக்கரத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் வேணா ஒரு கை பாக்கட்டுமா?”

கணக்கர் சிரித்துவிட்டார். “மெஷினாலேயே முடியல, நீ கழட்டப் போறியா? உள்ள போய்க் காதுல பஞ்சு வெச்சுக்கோம்மா. இந்தச் சத்தம் உனக்கு ஆகாது.”

அம்மா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மோட்டார் அலறத் தொடங்கியது. அவள் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சிறிய கம்ப்ரஸரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதைக் கொண்டுவந்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் எழுதினார். அந்தச் சிரிப்புதான் கணக்கருக்குச் சுட்டது. கூடத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தியதும் வீடு முழுவதும் இருண்டது.

“வாஷிங் மெஷின்ல துணி பாதியில நிக்குது!” என்று உள்ளேயிருந்து மனைவி கத்தினாள். “நட்டைக் கழட்டச் சொன்னா கரண்டைக் கழட்டிட்டீங்களா?”

மின்வேலைக்காரர் வந்து பார்த்தார். “இது வீடா சார், ஆலையா? இந்த வயரு தாங்காது.” அவர் தடித்த வயர் இழுத்துக் கொடுக்கும்வரை கம்ப்ரஸர் கூடத்தின் நடுவில், வந்துவிட்டுப் போக மறந்த விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தது. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

வயர் வந்ததும் குழாய் போதவில்லை. கூடத்திலிருந்து கொட்டகைக்கு ஒல்லிக் குழாயாக இரண்டை இணைத்து நீட்டினார். காற்று வழியிலேயே களைத்துப்போய், ஏர் கன் முனகியது. மறுபடியும் கடைக்கு ஓடித் தடித்த குழாய் வாங்கினார். இதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

அன்று மாலை முதன்முறையாக ஏர் கன் முழு மூச்சோடு முழங்கியது. அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. நட்டு ஒரு மயிரிழை நகர்ந்தது.

“பாத்தியா! அசையுது! வருது!” என்று கூவினார் கணக்கர்.

“ஞாயித்துக்கிழமையும் வருது,” என்றாள் மனைவி.

ஞாயிறு காலையில் அம்மா குளித்து, நல்ல சேலை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வாடகைக் காருக்குச் சொல்லட்டுமா?” என்று மனைவி கேட்டாள்.

“இவ்வளவு தூரம் வந்துட்டு இப்பவா? கொஞ்சம் பொறு.”

அந்தக் ‘கொஞ்சம்’ நண்பகல்வரை நீண்டது. கணக்கர் கம்ப்ரஸரின் அழுத்தத்தை முடிந்த மட்டும் ஏற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏர் கன்னைப் பிடித்தார். ‘படார்’ என்றொரு சத்தம். நட்டு கையோடு வந்தது. அது மாட்டியிருந்த இரும்புத்தண்டும் முறிந்து அதனுடனேயே வந்தது. மற்ற நட்டுகள் இருந்த இடத்திலேயே, முன்னைவிட இறுக்கமாக இருந்தன.

அதற்குப் பிறகுதான் வாடகைக் கார் வந்தது. வழிநெடுகக் கணக்கர் ஓட்டுநரை விரட்டினார். “சார், இது கார்தான், ராக்கெட் இல்ல,” என்று அவர் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

பெரியம்மா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. விமான நிலையத்துக்குப் புறப்பட்டு வெகுநேரம் ஆயிற்று, இந்நேரம் உள்ளே போயிருப்பார் என்றார்கள் பக்கத்து வீட்டார். அம்மா பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கதவில் ஒட்டியிருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“பரவாயில்லடா. போகலாம்.”

திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். திரும்பும் வழியெல்லாம் அம்மா கண்ணை மூடியபடியே வந்தாள். உறங்குகிறாளா என்று கேட்கும் துணிவு கணக்கருக்கு இல்லை. பஸ்ஸே போதும் என்று அவள் கேட்டது மட்டும் அவருடைய காதில் கம்ப்ரஸரைவிட உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அக்காவும் தங்கையும் வெகுநேரம் பேசினார்கள். பாதி பேச்சு, பாதி மூக்குறிஞ்சல். பிறகு அம்மா தொலைபேசியைக் கணக்கரிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

“ஏன்டா, என் தங்கச்சியைக் கண்ணுல காட்டாமலே என்னை அனுப்பிட்டியே?”

“என்னை மன்னிச்சிடுங்க பெரியம்மா. எல்லாம் அந்த இடப்பக்கச் சக்கரத்தால வந்தது. எவ்வளவு பெரிய மெஷின் வெச்சும் நட்டு கழலல. அப்பா எப்படித்தான் வெறும் ஸ்பானரை வெச்சே கழட்டினாரோ!”

பெரியம்மா சிரித்துவிட்டார்.

“உங்கப்பாவா? அந்த வண்டிக்கு இடப்பக்கத்து நட்டை மட்டும் இறுக்குற பக்கமா சுத்தினாத்தான்டா கழலும். அவரும் உன்னை மாதிரியே மாத்திச் சுத்தி இறுக்கிட்டு முழிப்பாரு, ஒவ்வொரு தடவையும் என்னைத் தவிர யாருக்கும் தெரியாம உங்கம்மாதான் கழட்டிக் கொடுப்பா!”