ஈரலுக்குப் போகும் ரத்தமும் நீ குளத்தில் செய்த மோசடியும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்காக உன் மாடி அறைக்கு வெள்ளையடித்திருக்கிறாயாம், என் மகள் சொன்னாள். அதில் வெங்காயத்தைக் கொட்டிக்கொள். நான் வரப்போவதில்லை.

போன மாதம் ஸ்கேன் எடுத்து, ஈரலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயில் ஓட்டம் மந்தம் என்றார் டாக்டர். இன்னொரு தடவை பார்த்தும் அப்படியே இருந்தால் கழுத்து வழியாகக் குழாய் விடுவார்களாம், அப்புறம் நான் தனியாக இருக்கக் கூடாதாம். அந்த இன்னொரு தடவை நேற்று நடந்தது. இருட்டறையில் படுக்கவைத்து, ஜில்லென்று பசையைத் தடவி, ஸ்கேன் எடுக்கும் பெண் விலாவுக்கு அடியில் கருவியை வைத்து அழுத்தினாள். "மூச்சை இழுத்து அப்படியே நிறுத்துங்க பாட்டி." நிறுத்தினேன். "எவ்வளவு நேரம்மா?" என்று கேட்டேன். "பேசினா மூச்சு எப்படி நிக்கும்? படம் ஆடிப்போச்சு, மறுபடியும்." நிறுத்தினேன். "ஆளைக் கொன்னுட்டுத்தான் விடுவியா?" "ஐயோ பாட்டி, மறுபடியும்!" நாலாவது தடவை உன்னை நினைத்துக்கொண்டேன். எனக்குப் பத்து, உனக்கு எட்டு. குளத்தில் மூச்சடக்கப் பந்தயம் வைத்தோமே, நடுவில் தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு நீதான் ஜெயித்ததாகச் சாதித்தாயே, என் பச்சை ரிப்பனைப் பிடுங்கிப் பட்டத்துக்கு வாலாகக் கட்டினாயே, அறுபத்திரண்டு வருடமாகிறது, அந்தக் கோபத்தில் வாயே திறக்கவில்லை. திரையில் சிவப்பும் நீலமும் ஓடின. அவள் இரண்டு தடவை அளந்தாள். "என்ன பாட்டி, போன மாசத்தைவிட வேகமா ஓடுதே!"

ஓடாமல் என்ன செய்யும்? கழுத்தில் குழாயும் வேண்டாம், உன் மாடியும் வேண்டாம். என் வீடு, என் சாவி. கூட்டிப்போக எவன் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன்.

என் கோபம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமாக உன் ஆயுளும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்லியிருந்தார்கள். காத்திருந்தபோது கழிப்பறையில் நின்று நாலு பிஸ்கட்டும் இரண்டு வாழைப்பழமும் தின்றுவிட்டேன். சாப்பிட்டால் அந்தக் குழாயில் ஓட்டம் தானாகக் கூடுமாம். படத்தைப் பார்த்த டாக்டர், "வயித்துல என்னம்மா இருக்கு?" என்றார். திங்கட்கிழமை மறுபடியும் அளக்கிறார்கள். நீ கூட வா. நான் எதையும் தின்னாமல் காவல் இரு. மோசடி எப்படி நடக்கும் என்று உனக்குத்தான் தெரியும். வெங்காயத்தை இப்போதைக்குக் கொட்டாதே.