உறுதியில் இருந்த மனிதர்

புவியியல் படிப்பிக்கிறவர்களிடம் வீடு வாங்கும் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை. நானே ஒரு புவியியல் ஆசிரியர்தான். என்னிடம் கொடுத்ததால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி ரினோஸாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. எங்கள் ஆட்களில் நிக்காஹ்வுக்கு முன்னர் பெண்ணின் பெயரில் வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். வாப்பா மவுத்தாகிவிட்டதால் வீடு தேடும் வேலை என் தலையில் விழுந்தது. (வீட்டில் ஒரேயொரு பட்டதாரி நான். அந்தத் திமிர் அப்போது நிறையவே இருந்தது.)

பாலாவிப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்கிறவர் ஜெமீல் நானா. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்களோடு ஒரே நாளில் வெளிக்கிட்டு, புத்தளத்தில் ஒரே முகாமில், அடுத்த கொட்டிலில் இருந்தவர். அவருடைய வாப்பா காணி வாங்கிக் கட்டிய வீடு அது. பிறகு மகனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்திருந்தார். அந்த உறுதிப் பத்திரத்தின் பிரதியை ஜெமீல் நானா என் கையில் தந்தார்.

"நல்லா வாசிச்சுப் பாருங்க தம்பி. வேணுமெண்டா காணிக் கந்தோர்ப் பதிவேட்டுலயும் தேடிப் பாருங்க" என்றார்.

"என்ன நானா, எங்கட ஊர் ஆக்களுக்குள்ள அதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன். ஒரே தண்ணீர்க் குழாயில் வாளி வைத்து நின்றவரிடம் கடதாசியைக் கிளறுவது அவரைக் கள்ளன் என்று சொல்வதுபோல இருந்தது. எங்கள் ஊர் ஆட்கள் பலருக்கும் இந்த வெட்கம் உண்டு. வீடு வாங்கும் இடத்தில் அதைப்போல் கெட்ட குணம் வேறில்லை.

ஆனால் கடைசிப் பக்கத்தை வாசித்தேன். எல்லைகள் எழுதியிருந்தது அதில்தானே. வடக்கே பாதை, கிழக்கே இன்னாருடைய காணி, நடுவே வீடும் ஏழு தென்னை மரங்களும். நான் பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போனேன். மரம் ஆறுதான் நின்றது. அந்த ஏழாவது மரத்துக்காக ஜெமீல் நானாவோடு அரை நாள் வாதாடினேன். கடைசியில் அவர் பட்டுப்போன ஓர் அடிக்கட்டையைக் காட்டித் தப்பினார்.

முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு வயசாளி இருந்தார். வெயிலில் திரிகிறேன் என்று எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். குடித்துவிட்டு, "அந்தக் கதிரையைக் கொஞ்சம் தள்ளுங்க மாமா, நாடா பிடிக்கணும்" என்றேன். அவரோடு நான் கதைத்தது அவ்வளவுதான்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு பழைய உறுதியை முழுதாகக் கேட்டார். பதிவேட்டில் தேட இரண்டு கிழமை போகும் என்றும் சொன்னார். "தேவையில்ல சேர், நான் எல்லாம் வாசிச்சிட்டன்" என்று கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டினேன். தேடாமல் எழுதச் சொன்னது நான்தான் என்று ஒரு கடதாசியில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவர் என்னை மதித்துத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். வீட்டை ரினோஸா பெயரில் எழுதி, காசையும் ஜெமீல் நானாவிடம் கொடுத்து முடித்தேன்.

நிக்காஹ்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையோடு கூடப்பிறந்த நானா வந்தார். நீதிமன்றத்தில் லிகிதராக வேலை. பழைய உறுதியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"இதுல தகப்பனுக்குச் சீவிய உரித்து இருக்கே. அவர் மவுத்தாகும் வரைக்கும் இந்த வீட்டுல இருக்க அவருக்கு உரிமை இருக்கு. அவர்ட்டக் கையெழுத்து எடுத்தீங்களா?"

உம்மா என்னைப் பார்த்தார். ரினோஸா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். எந்தத் தகப்பன் என்று நான் கேட்டேன். (கேட்டு முடிக்கும்போதே இளநீரின் ருசி நினைவுக்கு வந்துவிட்டது.)

ஓடினேன். ஜெமீல் நானா காசோடு கொழும்புக்குப் போய்விட்டிருந்தார். போனுக்கும் பதில் இல்லை. அவருடைய வாப்பா ஹமீது மாமா மட்டும் முற்றத்தில் அதே கதிரையில் இருந்தார். நான் சலாம்கூடச் சொல்லாமல் கடதாசியை அவர் மடியில் வைத்து, "இதுல ஒரு கையெழுத்து வைங்க, கலியாணம் குழம்பப்போகுது" என்றேன்.

அவர் அதை வாசிக்கவில்லை. "நீங்க தேங்காய்க் குத்தகைக்கு வந்த ஆள் எண்டு நினைச்சன் தம்பி. வீட்ட வித்தத மகனும் சொல்லல்ல, நீங்களும் சொல்லல்ல. மரத்த எண்ணினீங்க. என்ன எண்ணல்ல" என்றார்.

"கேட்டிருந்தாக் கையெழுத்து வச்சிருப்பீங்களா?"

"கேட்டிருந்தா வச்சிருப்பன். இப்ப நான் எங்க போறது?"

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. வழக்குப் போடுவேன் என்று அந்த மனிதரிடம் சத்தம் போட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் நோன்புக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள். நோன்பு வந்து போனது, ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. ரினோஸா உம்மாவோடு அந்த வீட்டுக்கே குடிபோய், முன்னறையில் இருந்த ஹமீது மாமாவுக்கும் சேர்த்து உலை வைத்தாள். கையெழுத்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. பதினாலு மாதம் கழித்து மாப்பிள்ளையே வந்து, "அவர் இருந்திட்டுப் போகட்டும், எனக்கும் ஒரு மாமனார்தானே" என்றார். நிக்காஹ் நடந்தது. ஹமீது மாமா ஆறு வருஷம் அங்கேயே இருந்து, அங்கேயே மவுத்தானார்.

ஒருநாள் ரினோஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அவருக்குச் சோறு போட்டது பாரமில்ல நானா. கலியாணம் நிண்டுபோன பொண்ணு எண்டு பதினாலு மாசம் சனம் என்னப் பார்த்தது. அதத்தான் மறக்க ஏலாது" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போன வருஷம் எனக்கென்று எத்தாளையில் ஒரு வீடு பார்த்தேன். ரினோஸாவும் கூட வந்தாள். உறுதியை அவளே முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, "இந்த வீட்டுல இருக்கிற எல்லாரையும் வெளியில வரச் சொல்லுங்க" என்றாள். விற்கிறவர், மனைவி, மகள், மருமகன், இடுப்பில் பிள்ளை என்று வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் விற்கச் சம்மதமா என்று கேட்டாள். பிள்ளையிடமும் கேட்டாள். இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். யாராவது துவிச்சக்கரவண்டி வாங்கினாலும், "ஆக்கள வெளிய எடுத்தீங்களா?" என்று மருமக்கள் கேட்கிறார்கள்.

சிரிக்கும்போது அவர்கள் மிச்சத்தைச் சொல்வதில்லை. எல்லாரும் வந்தாயிற்று என்று நான் பேனையை எடுத்தேன். ரினோஸா மட்டும் வீட்டுக்குள் போனாள். பின்னறையில் எழும்ப ஏலாமல் ஒரு மாமி படுத்திருந்தாராம். பக்கத்தில் இருந்து அவரோடு வெகுநேரம் கதைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அவவுக்கு விருப்பமில்ல. எழும்புங்க நானா, போவம்."

நான் எழும்பினேன். இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.