சாய்கோட்டுக்கு உரை எழுதுகிறவர்

கோப்பு உரையாசிரியர் என்று ஓர் இனம் உண்டு. கணினியைக் கண்ணுக்குத் தெரியாமல் தாங்கி நிற்கிற கெர்னல் என்னும் அடித்தள நிரலில் குடியிருப்பவர். கோப்புக்கு என்ன பெயர் வைக்கக்கூடாது என்று அங்கே இரண்டே வரி இருக்கும். சாய்கோடு கூடாது. பூஜ்ய எழுத்து கூடாது. தீர்ந்தது.

தீர்ந்ததா? அவருக்கு அங்கேதான் பொழுதே விடிகிறது. ஏன் கூடாது, கூடுமென்றால் பெயர் எங்கே முடிகிறதென்று யார் சொல்வது, வெறும் இடைவெளியே ஒரு கோப்பின் பெயராக இருக்கலாமா, ஒற்றைப் புள்ளி என்பது பெயரா இருப்பிடமா என்று அந்த இரண்டு வரியின் தலைமேல் உரை எழுதிக்கொண்டே போவார். தேநீர் ஆறும், நாற்காலி சூடேறும், நிரல் திரைக்குக் கீழே எங்கோ மூச்சுத் திணறிக் கிடக்கும். உரையைக் கணினி படிக்காமலே தாண்டிப் போய்விடும். மனிதர்களும் அப்படியே. அவர் ஏங்குவது ஒரே ஒரு வாசகருக்காக.

எனக்குத் தெரிந்த உரையாசிரியருக்கு அந்த பாக்கியம் மென்பொருள் வெளியீட்டு நாளன்று வாய்த்தது. நிரலைத் தொகுத்து ஓடவைக்கும் 'பில்ட்' வேலையைப் பார்க்கும் பெண் அவர் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, பில்ட் நின்னுபோச்சு. மெஷின் உங்க கமென்ட்டைப் படிச்சிக்கிட்டிருக்கு."

"படிக்குதா?" முகம் மலர்ந்தது. "எதுவரைக்கும்?"

அந்த நிரல்மொழியில் நட்சத்திரக் குறியை அடுத்துச் சாய்கோடு போட்டால் உரை முடிந்தது, இனி வருவது கட்டளை என்று அர்த்தம். சாய்கோட்டின் தீமைக்கு உதாரணம் காட்டப் போனவர் நட்டநடுவில் அதையே போட்டிருந்தார். மிச்ச உரையைக் கட்டளை என்று நம்பிய கணினி, 'ஆகவே அன்பர்களே' என்ற இடத்தில் தடுக்கி விழுந்திருந்தது.

"'ஆகவே'ன்னா என்னன்னு கேக்குதுண்ணே."

"நல்ல கேள்விதானே."

"கேள்வி இல்ல, எரர். ஒரே வரியாக்கணும், இல்லேன்னா மொத்தத்தையும் தூக்கிடுவேன்னு மேடம் சொல்லிட்டாங்க."

வெட்டினார். 'சாய்கோடு கூடாது' மட்டும் மிஞ்சியது. பில்ட் ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். கணினி பழையபடி அவரைத் தாண்டிப் போயிற்று. வந்த ஒரே வாசகரும் போனார் என்று அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

"தப்பைத் தேடுறப்ப முழுசும் படிச்சுத் தொலைச்சேன். ஏண்ணே, வெறும் இடைவெளியே பேருன்னா, அந்தக் கோப்பை எப்படிக் கூப்பிடுறது?"

"உக்காரும்மா," என்றார்.

அவளை அன்று யாரும் சாப்பாட்டு அறையில் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்கள். பூஜ்ய எழுத்து என்றால் என்னவென்று நான் விளக்காமல் விட்டது அப்போதிருந்தே உங்களை உறுத்துகிறதா? இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இடமிருக்கிறதா என்று கண் அலைகிறதா?

அந்தப் பென்சிலைக் கீழே வையுங்கள்.