இரண்டு அங்குலமா, மூன்று அங்குலமா

அன்புள்ள மச்சான் ஆர்லோவுக்கு,

ஹோபர்ட் எழுதிக்கொள்வது. ஆர்கன்சாவில் நானும் உன் அக்கா இமோஜீனும் கோழிகளும் நலம். அங்கே உன் முழங்கால் வீக்கமும் உன் மனைவியின் கோபமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

சட்டைக்குள் மறைத்து வைக்க ஒரு சின்ன ரிவால்வர் வாங்கப் போவதாகவும், குழல் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். என்னைவிட்டால் இதைச் சொல்ல ஆள் கிடையாது. பெட்ரோல் பங்கில் ஒரு தடியன் என்னைக் கீழே தள்ளிவிட்டு என் வண்டியை ஓட்டிக்கொண்டு போனானே, அதற்கு மறுநாளே துப்பாக்கிக் கடை டெல்மரிடம் போய் நின்றேன். "குழல் குட்டையா இருந்தா நல்லா ஒளியும், நீளமா இருந்தா நல்லாப் படும். உங்களுக்கு ஒளியணுமா, படணுமாண்ணே?" என்றான். ஒளியட்டும் என்று இரண்டு அங்குலம் வாங்கினேன். கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்க ஆளுக்கொரு தாள் மனிதனைத் தொங்கவிட்டிருந்தார்கள். குட்டைக் குழலில் குறி பார்ப்பதும் கஷ்டம், அது கையில் துள்ளுகிற துள்ளலோ கன்றுக்குட்டி தோற்றுப்போகும். ஐந்து தோட்டாவும் தீர்ந்தபின் பார்த்தால் என் ஆள் அப்படியே நிற்கிறான், பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவருடைய ஆளுக்குக் காதைக் காணோம். "கவலைப்படாதீங்க, அந்தச் சத்தத்துலயே திருடன் செத்துருவான்" என்றாள் உன் அக்கா.

அதோடு போயிற்றா? மருந்துக் கடையில் சாவியை எடுக்கக் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். சாவிக்கொத்து ரிவால்வர் உறையில் மாட்டிக்கொண்டு, உறை, துப்பாக்கி, சாவி எல்லாம் ஊர்வலமாக வெளியே வந்துவிட்டன. கல்லாவில் இருந்த பெண் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த நானும் தூக்கினேன், கையில் இருந்ததோடு. "எல்லாத்தையும் எடுத்துக்கங்க தாத்தா, என்னை ஒண்ணும் பண்ணிராதீங்க!" என்று அழுகிறாள். "ஐயோ, எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை மட்டும் போதும்மா!" என்று நான் கத்த, கடையே தரையில் படுத்துவிட்டது. ஷெரீப் வந்து விசாரித்துவிட்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாளே டெல்மரிடம் கொடுத்து மூன்று அங்குலமாக மாற்றிக்கொண்டேன். ஓர் அங்குலம்தானே என்று நினைக்காதே மச்சான்! துள்ளல் அடங்கியது. தாள் மனிதனின் நெஞ்சில் வரிசையாக ஓட்டை. இமோஜீனே கிட்டே போய் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாள். ஆனால் இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஓர் அங்குலம் தொடைமேல் குத்துகிற குத்து இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் லூமிஸ் உருகிப் பேசிக்கொண்டிருந்தார். "பாவபாரத்தோட இருக்கிற யாராவது இருந்தா, எழுந்திரிங்க!" என்றார். அதே நொடியில் அது நரம்பில் குத்த, நான் 'அம்மா!' என்று துள்ளி எழுந்துவிட்டேன். சபை முழுக்க "அல்லேலூயா!" போதகர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்கிறார், அவர் கை எங்கே இடுப்பில் படுமோ என்று நான் நெளிகிறேன், "பாருங்க, ஆவி எப்படி அசைக்குது!" என்கிறார். துப்பாக்கி குத்தியது என்று அங்கே சொல்ல முடியுமா? வருகிற ஞாயிறு ஓடையில் எனக்கு மறுபடியும் ஞானஸ்நானம். தண்ணீர் ஐஸாக இருக்குமாம்.

ஆனாலும் சொல்கிறேன், மூன்று அங்குலமே வாங்கு. உட்காராமல் இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. அது இடுப்பில் இருந்தால் மனிதனுக்கு ஒரு மிடுக்கு வருகிறது. நான் இப்போது எவனுக்கும் பயப்படுவதில்லை. எங்கே வேண்டுமானாலும் போவேன்.

உன் தக்காளிச் செடியில் புழு விழாமலும், உன் வீட்டு வாசலில் கடன்காரன் நிற்காமலும் கர்த்தர் காக்கட்டும். உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல், அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது.

இப்படிக்கு,
ஹோபர்ட்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுறேன். அவர் எழுதினதை நம்பாதே. பெட்ரோல் பங்கில விழுந்த நாள்ல இருந்து நான் கூட இல்லாம அவர் வாசப்படி தாண்டுறதில்ல. மருந்துக் கடையில அழுதது அந்தப் பொண்ணு மட்டும் இல்ல, என் வண்டியில வந்து உக்காந்து இவரும் அழுதார். இந்தக் கடிதத்தைக்கூட நான்தான் தபால்ல போடணும். குழல் எத்தனை அங்குலமா வேணா இருந்துட்டுப் போகட்டும், நீ ஒரு வாரம் லீவு போட்டு வந்து இந்த மனுஷனை மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போ. நான் கூப்பிட்டேன்னு சொல்லிராதே. உனக்குத் தனியா மீன் பிடிக்கப் போகப் பயமா இருக்குன்னு சொல்லு, உடனே கிளம்பிருவார்.